கவிழ்த்து வைத்த டிரம்

என் ஓரகத்தியைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ‘பீப்பா’ என்பார்கள். புது ஆட்கள் யாராவது அவளைத் தேடி வந்தால், உருண்டு திரண்டு ஒரு பொம்பளை வரப்போகிறாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். துடைப்பக்குச்சிக்குச் சேலை சுற்றிவிட்ட மாதிரி இவள் வருவாள். பேர் உடம்பைப் பார்த்து வைத்ததில்லை, தொழிலைப் பார்த்து வைத்தது.

கடலுக்குள் எண்ணெய் எடுக்கிற இரும்பு மேடைகள் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் தெரியும். ரிக் என்பார்கள். கடலடியில் துளை போடும்போது ஊற்றுவதற்காக உப்புக் கரைசல் நீல பிளாஸ்டிக் டிரம்களில் கப்பலேறிப் போகும். காலியானதும் டிரம் மட்டும் துறைமுகக் கிடங்குக்குத் திரும்பி வரும். அதை ஏலத்தில் எடுத்து, கழுவி, வீடுகளுக்கு விற்பதுதான் இவள் வேலை. எங்கள் தெருவில் குழாய் இருக்கிறது, பார்த்து ரசிப்பதற்கு. தண்ணீர் லாரியில்தான் வரும், அதுவும் அதற்கு மனசு வந்தால். டிரம் இல்லாத வீடு அடுப்பில்லாத வீடு மாதிரி.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளைப் பார்த்து நான் முகம் சுளித்திருக்கிறேன். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, டிரம்முக்குள் இடுப்புவரை தலைகீழாக நுழைந்து தேய்த்துக்கொண்டிருப்பாள். வெளியே இரண்டு கால் மட்டும் தெரியும். “ஏண்டி, அப்படியே உள்ளயே குடியிருந்துட்டா வாடகை மிச்சம்” என்பேன். உள்ளேயிருந்து குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வரும்: “உங்க மூஞ்சியப் பாக்காம இருக்கலாம்னா எனக்கும் சம்மதந்தான்க்கா.”

வாய் அப்படி. வேலை சுத்தம். பச்சைச் சீட்டு ஒட்டிய உப்பு டிரம்மைத் தவிர வேறு நிறச் சீட்டு ஒட்டியதைத் தொடவே மாட்டாள். சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பாள். கொதிக்கிற தண்ணீரில் சோப்புப் போட்டு ஒரு கழுவு, வெறும் தண்ணீரில் மறு கழுவு, வெயிலில் காய்ச்சல், பிறகு இன்னொரு கழுவு. எல்லாம் முடிந்த டிரம்மை வாசலோரம் சுவரை ஒட்டிக் கவிழ்த்து வைப்பாள். கழுவாதது மூடி போட்டு நிமிர்ந்து நிற்கும். தெருவுக்கே தெரிந்த சட்டம் இது. கவிழ்ந்து கிடந்தால் யாரும் எடுத்துக்கொண்டு போகலாம், அவளை எழுப்பக்கூட வேண்டாம், அப்புறம் பார்க்கும்போது சொன்னால் போதும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. புதிதாக வாங்கினவர்கள் வீட்டில் டிரம் நிறைந்ததும் இவள் போவாள். முதல் தம்ளரை மொண்டு, அவர்கள் கண்ணெதிரே கடகடவென்று குடித்துவிட்டு, “இப்ப குடிங்க” என்பாள். அவ்வளவுதான் அவள் கொடுக்கிற உத்தரவாதம். பழைய வாடிக்கைக்காரர்கள் அதற்கெல்லாம் காத்திருப்பதில்லை.

அன்றைக்கு விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர், ஒரே வாசல். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். மேலத் தெருவில் லாரியின் ஹார்ன் கேட்டது. அங்கே ஊற்றி முடித்துத்தான் எங்களிடம் வரும்.

“அக்கா, இங்க வாங்களேன்” என்றாள். குரலில் வழக்கமான குத்தல் இல்லை. அதுதான் எனக்குத் திக்கென்றது.

சுவரோரம் கவிழ்த்த டிரம்கள் வரிசையாக இருந்தன. அந்த வரிசையின் கடைசியில், டிரம் எதுவும் இல்லாத இடத்தில், மண்ணில் ஒரு வட்டம். டிரம் வாய் அளவுக்கு ஈர வட்டம். அதற்குள்ளிருந்த புல் வெந்த கீரை மாதிரி சுருண்டு கிடந்தது. சுவரிலிருந்து இறங்கி வந்த எறும்பு வரிசை அந்த வட்டத்தின் விளிம்பில் அப்படியே கறுப்பாகக் குவிந்து செத்துக் கிடந்தது. குனிந்தேன். அழுகின பழத்தையும் ஆஸ்பத்திரி வராந்தாவையும் சேர்த்து அரைத்த மாதிரி ஒரு நெடி மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வரவைத்தது.

“இங்க நான் டிரம்மே வைக்கல” என்றாள் அவள்.

“ராத்திரி யாராவது கண்டதையும் கொட்டிட்டுப் போயிருப்பாங்க.”

“கொட்டினா வட்டமா இருக்குமாக்கா?”

அந்த நேரம்தான் என் கொழுந்தன், அவள் புருஷன், துறைமுகத்திலிருந்து வந்தார். அவர் அங்கே ரிக்குக்குப் போகிற சரக்குக் கப்பலில் கிரேன் கொக்கி மாட்டுகிற வேலை. ஒப்பந்தக்காரரிடம் கூலி. கழுத்தில் துறைமுகப் பாஸ் தொங்கும், தூங்கும்போதுகூடக் கழற்றுவாரா என்று எனக்குச் சந்தேகம். வழக்கமாக வரும் நேரம் இல்லை அது. முகம் சுண்டிப்போயிருந்தது.

“ரெண்டு பேரும் கரைப் பக்கம் போகாதீங்க” என்றார். “நேத்து சாயங்காலம் கடல்ல, கப்பல்லேருந்து ரிக்குக்குத் தூக்கும்போது ஸ்லிங் கயிறு அறுந்துபோச்சு. ஒரு கட்டு டிரம் அப்படியே கடல்ல விழுந்துடுச்சு.”

“உப்பா?” என்று கேட்டாள்.

“உப்பில்ல. கடலுக்கடியில போற குழாய்க்குள்ள பாசி, கிருமி பிடிக்காம இருக்க ஊத்துவாங்க. மருந்து. மேல பட்டாலே வெந்துபோயிடும்.”

“டிரம் என்ன நிறம்?”

அவர் சுவரோர வரிசையைப் பார்த்தார். அதிலிருந்த அத்தனையும் நீலம்.

அவள் அந்த வட்டத்தைக் கைகாட்டினாள். யாரோ கொண்டு வந்து கவிழ்த்திருக்கிறார்கள். கவிழ்ந்திருக்கிறது என்பதால் யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். யாரும் எதையும் திருடவில்லை, யாரும் தப்பாக எதுவும் செய்யவில்லை. அவள் போட்ட சட்டப்படிதான் எல்லாம் நடந்திருக்கிறது. லாரி மேலத் தெருவில் நிற்கிறது.

கொழுந்தன் குரலைத் தாழ்த்தினார். “சத்தம் போட்டுடாத. ஆபீஸ்ல இன்னும் எண்ணிட்டுத்தான் இருக்காங்க. எத்தனை விழுந்துச்சுன்னு முடிவு பண்ணாம வெளியில சொல்லக்கூடாதுன்னு உத்தரவு. எவன் வாயத் தொறந்தாலும் பாஸைப் பிடுங்கிடுவாங்க.”

“அவங்க எண்ணி முடிக்கிறதுக்குள்ள இங்க ஒரு குடும்பம் குடிச்சு முடிச்சிடும்.”

“குடிச்சிட்டாங்கன்னா அப்புறம் சொல்லலாம்னா சொன்னேன்? மெதுவாத் தேடுன்னுதான் சொல்றேன். உன் டிரம்ல விஷம்னு நீயே சொன்னா நாளைக்கு எவன் உன் வாசல்ல நிப்பான்? என் பாஸும் போய், உன் தொழிலும் போனா என்னத்தத் திங்கிறது? அண்ணி, நீங்களாவது சொல்லுங்க.”

மனுஷன் பேசினதில் பொய் இல்லை. அவள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

முதலில் போனது சோடாபுட்டி வீட்டுக்கு. அவர் மீன்பிடிப் படகுக்காரர். கண்ணாடி அத்தனை கனம். கடலில் உப்புத் தெறித்து மங்கிவிடும் என்று அதையும் கழற்றி இடுப்பில் சொருகிக்கொள்வார். கரையில் ஒதுங்கும் காலி டிரம்மை அவ்வப்போது இவளுக்குக் கொண்டுவந்து கொடுப்பவர் அவர் ஒருவர்தான். வாசற்படியில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். உள்ளங்கை முழுக்க மஞ்சளும் பழுப்புமாகச் சாயம் ஏறியிருந்தது.

“அண்ணே, எங்க வீட்டுல டிரம் வச்சீங்களா?”

“ஆமாக்கா.” அவருக்கு இவளைவிட வயது கூட, ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். “கடல்ல மிதந்துச்சு. நீங்க தூங்கிட்டு இருப்பீங்கன்னு எழுப்பல.”

“சீட்டு என்ன நிறம்?”

“சீட்டே இல்ல. தண்ணியில ஊறி உரிஞ்சு போயிருந்துச்சு. பாதிக்கு மேல ஏதோ கெடந்துச்சு, தூக்க முடியல. உப்புத்தானேன்னு படித்துறையில ஊத்திட்டேன்.” கண்ணைத் திரும்பக் கசக்கினார். “ஊத்திட்டுத் திரும்பிப் பாத்தா தண்ணி மேல வெள்ளை வெள்ளையா மிதக்குது. நுரைன்னு நெனச்சேன். கண்ணாடியப் போட்டுட்டுப் பாத்தா எல்லாம் பொடி மீனு. வயித்தக் காட்டிக்கிட்டு கெடக்கு. நண்டுங்க கல்லு மேல ஏறி ஏறி விழுது. என்னமோ கடலுக்கு நோவுன்னு நெனச்சேனே தவிர நான்தான் ஊத்தினேன்னு தோணலக்கா.”

“கவுத்து ஏன் வச்சீங்க?”

“சொட்டிக்கிட்டே இருந்துச்சு. நிமுத்தி வச்சா உள்ள தேங்குமேன்னு...” அவருக்கும் அப்போதுதான் புரிந்தது. “ஐயோ அக்கா, யாராச்சும் எடுத்துட்டாங்களா?”

“கண்ணைக் கசக்காதீங்க. கண்ணுல நல்ல தண்ணிய ஊத்திக்கிட்டே இருங்க. அண்ணி, இவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று அவர் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு நடந்தாள். நடக்கவில்லை, ஓடினாள். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு. கொழுந்தன் எனக்கும் பின்னால்.

புருஷன் சொன்ன வழியையும் அவள் முயற்சி செய்து பார்த்தாள். அதைச் சொல்லாவிட்டால் அவளுக்கு நான் அநியாயம் செய்தவளாவேன். முதல் வீட்டுக் கதவைத் தட்டி, சாதாரணமாக முகத்தை வைத்துக்கொண்டு, “ஒரு டிரம்ல கீறல் இருக்கு, இன்னிக்கு எடுத்தீங்களா?” என்று கேட்டாள். அந்த வீட்டுக்காரி போன மாசம் எடுத்த டிரம்மைப் பற்றி ஆரம்பித்து, அதன் மூடி சரியில்லாததில் போய், மூடியைத் தொலைத்த மாமியாரில் வந்து நின்றாள். அதற்குள் லாரி எங்கள் தெரு முனையில் திரும்பிவிட்டது. குடங்கள் ஓடுகிற சத்தம், ஹோஸ் பைப்புக்குச் சண்டை, எல்லாம் ஆரம்பித்தது.

இவள் அந்த வீட்டுத் திண்டில் காயப் போட்டிருந்த அலுமினியக் குண்டானைக் கேட்காமல் கொள்ளாமல் எடுத்தாள். கூடவே கரண்டி. தெரு நடுவில் நின்று அடித்தாள் பாருங்கள், லாரி டிரைவர் பிரேக் போட்டுவிட்டார்.

“என் டிரம் ஒண்ணுல விஷம் இருக்கு! இன்னிக்குக் காலையில எங்க வாசல்லேருந்து எடுத்துட்டுப் போனவங்க யாரு? அதுல தண்ணி பிடிக்காதீங்க! பிடிச்சிருந்தா தொடாதீங்க!”

தெருவில் ஒவ்வொருத்தராக வாயைத் திறந்தார்கள்.

“என்னது, விஷமா? இத்தனை நாளா விஷத்தையா எங்க தலையில கட்டினே?”

“பாரேன், நல்லதுன்னு சொல்லிச் சொல்லி வித்தவ வாயாலயே வருது.”

“எங்க வீட்டு டிரம்மா? ஏய், எங்க வீட்டுதா சொல்லு!”

“போன வாரம் என் புள்ளைக்கு வயித்தால போச்சே, அது இதனாலதானா?”

அவள் குண்டானை அடித்துக்கொண்டே திரும்பத் திரும்ப அதையே கத்திக்கொண்டு நடந்தாள். ஒருத்தன் விசில் அடித்தான். “பீப்பா, கச்சேரி நல்லாருக்கு, தாளம்தான் தப்புது” என்றான். அவள் நின்றாள். “நீ காலையிலேருந்து இந்த முக்குல நின்னுக்கிட்டு போற வர்றவங்களத்தானே பாத்துக்கிட்டு இருக்கே? ஒரு தடவையாச்சும் அது உபயோகப்படட்டும். யாரு டிரம் உருட்டிட்டுப் போனா?”

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. “டீச்சரம்மாவோட தம்பி” என்றான்.

டீச்சரம்மா வீடு மேலத் தெரு முனையில், லாரி அங்கே ஊற்றிவிட்டுத்தான் எங்களிடம் வந்திருந்தது. அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர் இல்லை. மீன் பதனம் பண்ணுகிற ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பொம்பளைகளின் கைக்குழந்தைகளை வீட்டு முன்னறையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர். பிள்ளைகளையும் மிரட்டுவார், பெற்றவர்களையும் மிரட்டுவார், அதனால் டீச்சரம்மா. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் நீல டிரம் விளிம்பு வரை நிறைந்து நின்றது. ஈயச் சொம்பு ஒன்று கவிழ்த்த மூடி மேல் இருந்தது. உள்ளே பிள்ளைகள் பாயில் தவழ்ந்துகொண்டிருந்தன. ஒன்று எதற்கோ அழுதது.

“டீச்சரம்மா, அந்தத் தண்ணியக் கொட்டுங்க.”

“என்னடி சொன்னே?”

“கொட்டுங்க. அது நான் கழுவின டிரம்மில்ல. கடல்ல விழுந்த விஷ டிரம்.”

டீச்சரம்மா இடுப்பில் ஒரு பிள்ளையோடு வாசலில் வந்து நின்றார். “எங்க பழைய டிரம் வெடிச்சுப்போய், எப்ப லாரி வரும்னு காத்துக் கெடந்து, இடிபட்டு மிதிபட்டு எந்தம்பி பிடிச்ச தண்ணி. நீ வந்து கொட்டுன்னா கொட்டிடறதா? உன் வாசல்ல கவுந்து கெடந்துச்சு. கவுந்து கெடந்தா எடுக்கலாம்னு நீதானே சொன்னே?”

“நான்தான் சொன்னேன்.”

“அப்புறம் என்ன? மோந்து பாத்தேன், லாரித் தண்ணில அடிக்கிற குளோரின் வாசனைதான் அடிக்குது. வேற யாருக்கோ இந்த டிரம்ம சொல்லி வச்சிட்டே, அதான் கதை கட்டுறே.”

தெரு மொத்தமும் அந்த வீட்டு முன்னால் கூடிவிட்டது. கொழுந்தன் கூட்டத்தின் ஓரத்தில், பாஸைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். டீச்சரம்மா சொம்பை எடுத்து டிரம்முக்குள் விட்டு மொண்டு, ஒரு தம்ளரில் ஊற்றி இவள் முன்னால் நீட்டினார்.

“எல்லார் வீட்டுலயும் முதத் தம்ளர் நீதானே குடிப்பே? இந்தா. வழக்கப்படி ஒரு வாய் குடி. உனக்கு ஒண்ணும் ஆகலேன்னா மூடிக்கிட்டுப் போ. குடிக்க முடியாதுன்னா, இத்தனை வருஷமா எங்களுக்கு என்னத்தக் கொடுத்தேன்னு இங்கேயே சொல்லிட்டுப் போ.”

அவள் தம்ளரை வாங்கினாள். தண்ணீர் ததும்பி மணிக்கட்டில் வழிந்தது. எனக்கு, ரோஷத்தில் குடித்துத் தொலைத்துவிடுவாளோ என்று பயம். அப்படிப்பட்டவள்தான். வாய்ப் பேச்சுக்கு ஒரு படி கூடத்தான் போவாள், குறையப் போகமாட்டாள்.

தம்ளரைக் கீழே வைத்தாள்.

“குடிக்க மாட்டேன்.”

“ஏன்?”

“பயமா இருக்கு” என்றாள். “டீச்சரம்மா, எனக்குப் பயமா இருக்கு. இந்தத் தெருவுல எந்த வீட்டு டிரம்முலயும் குடிக்கப் பயந்ததில்ல. இதுல பயமா இருக்கு. நான் குடிக்க மாட்டேன், நீங்க குடிக்காதீங்க.”

கூட்டத்தில் யாரோ “பாத்தியா, ஒத்துக்கிட்டா” என்றார்கள். டீச்சரம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. சண்டைக்காரிக்குத்தான் சண்டைக்காரியைத் தெரியும். எதற்கும் பின்வாங்காதவள் பின்வாங்குகிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இடுப்புப் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினார்.

“பாட்டில்... பால் பாட்டில் கலக்கி வச்சேன்... புதுத் தண்ணிலதான் கலக்கினேன்...”

அலமாரித் தட்டில் பால் பாட்டில்கள் வரிசையாக நின்றன. நிறைய நிறைய, வாய் வைக்காமல். வரிசையில் ஒரு இடம் காலி.

பீப்பா பாயைப் புரட்டினாள், தொட்டிலை விலக்கினாள். கதவு மூலையில், சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில், ஒரு பெண்குழந்தை கால் நீட்டி உட்கார்ந்து, இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தது. உதடு சிவந்து தடித்திருந்தது. குடிக்கவும் பிடிக்கவில்லை, விடவும் மனசில்லை. ஒரு வாய் உறிஞ்சும், முகத்தைச் சுளித்து அழும், மறுபடி உறிஞ்சும். வெளியே கேட்ட அழுகை அதுதான். இத்தனை நேரம் நாங்கள் வாசலில் நின்று தம்ளரை வைத்துப் பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

டீச்சரம்மா பாட்டிலைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குழந்தையின் தொண்டைக்குள் விரலை விடப் போனார்.

“வேணாம்! வாந்தி எடுக்க வைக்காதீங்க!” கொழுந்தன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தார். “போன வழியெல்லாம் எரிச்சிருக்கும். திரும்பி வந்தா மறுபடி எரிக்கும். ரிக்குல சொல்லிக் கொடுத்திருக்காங்க. தூக்குங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க.”

லாரி டிரைவர் ஹோஸைக்கூடச் சுருட்டவில்லை. முன்சீட்டில் டீச்சரம்மா குழந்தையோடு, பக்கத்தில் இவள், நடுவில் எப்படியோ நான். கொழுந்தன் படியில் தொத்திக்கொண்டார். வழியெல்லாம் லாரி தண்ணீரைக் கொட்டிக்கொண்டே ஓடியது. வேறு ஒரு நாளாக இருந்தால் பார்த்தவர்கள் வயிறெரிந்திருப்பார்கள். குழந்தை அழுதுகொண்டே வந்தது. “அழட்டும், அழட்டும், அழுதா நல்லதுதான்” என்று இவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், யாருக்குச் சொன்னாளோ. பாதி வழியில் அழுகை நின்று எச்சில் ஒழுக ஆரம்பித்தது.

சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் இளவயசுக்காரர். அங்கே ஏற்கெனவே சோடாபுட்டி ஒரு பெஞ்சில் கண்ணில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டு படுத்திருந்தார். டாக்டர் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

“என்ன மருந்து இது?”

“ரிக்குலேருந்து விழுந்தது.”

“அது தெரியுது. பேர் என்ன? பேர் தெரியாம கண்ணைக் கட்டிக்கிட்டு வைத்தியம் பண்ணச் சொல்றீங்களா? கம்பெனிக்குப் போன் போட்டேன். அப்படி எதுவும் விழுந்ததா உறுதியான தகவல் இல்லைன்னு சொல்றாங்க.”

இவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அப்படி ஒரு நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கவும் அவளுக்குத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொழுந்தன் டாக்டர் பக்கத்தில் போனார். டிரம் மேல் எழுதியிருந்த அந்த நீளமான பேரை, எழுத்தெழுத்தாக, கொக்கி மாட்டும்போது அவர் தினமும் பார்க்கிற பேரை, டாக்டருக்குச் சொன்னார். டாக்டர் திரும்பக் கேட்டார், திரும்பச் சொன்னார். “நேத்து சாயங்காலம் விழுந்துச்சு சார். இதுக்கும் கொக்கி மாட்டினது நான்தான். யார் கேட்டாலும் என் பேரையே சொல்லுங்க.” டாக்டர் அந்தப் பேரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனில் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார். கொழுந்தன் கழுத்திலிருந்த பாஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர்கள் பிடுங்குவதற்கு முன்னால் தானே கழற்றிவிட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

குழந்தையின் அம்மா ஐஸ் கம்பெனி உடுப்போடு, தலையில் பிளாஸ்டிக் குல்லாய்கூட எடுக்காமல் ஓடி வந்தாள். டீச்சரம்மா எழுந்து நின்றார். அவள் அறைவாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவள் அவரைக் கடந்து போய் கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டாள். அறைந்திருந்தால் டீச்சரம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மத்தியானத்துக்கு மேல்தான் டாக்டர் வெளியே வந்தார். டிரம்மில் மிச்சம் கொஞ்சமாக இருந்ததும், அது நிறையத் தண்ணீரில் கலந்ததும், குழந்தை நாலைந்து வாய்க்கு மேல் குடிக்காததும் காப்பாற்றியது என்றார். தொண்டை புண்ணாகியிருக்கிறது, சில நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால், மற்ற பிள்ளைகளும் குடித்திருந்தால் என்று ஆரம்பித்தவர் எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நாங்கள் வீடு திரும்பும்போது ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று தெருவுக்குள் வந்தது. ‘கரையில் ஒதுங்கும் நீல நிறப் பொருட்களைப் பொதுமக்கள் தொட வேண்டாம்’ என்றது. பொருட்களாம். டிரம் என்று சொல்ல வாய் வரவில்லை. படித்துறையை இரும்புத் தட்டி வைத்து மறைத்தார்கள். செத்த மீனைச் சாக்கில் அள்ளினார்கள். படகுகள் கொஞ்ச காலம் கடலுக்குப் போகவில்லை. எத்தனை டிரம் விழுந்தது, எத்தனை கிடைத்தது என்று கேட்டால் ஒவ்வொரு அதிகாரியும் ஒவ்வொரு எண்ணிக்கை சொன்னார். இன்றைக்கும் அப்படித்தான். கொழுந்தனை ஒப்பந்தக்காரர் வேலை தராமல் வீட்டில் உட்கார வைத்தார், அப்புறம் கொக்கி மாட்ட ஒழுங்கான ஆள் கிடைக்காமல் அவரே கூப்பிட்டு அனுப்பினார். சோடாபுட்டிக்கு ஒரு கண் முன்போலத் தெரிவதில்லை. கண்ணாடி இன்னும் கனமாகிவிட்டது.

தெரு பீப்பாவிடம் டிரம் எடுப்பதை நிறுத்திவிட்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை. அவள் வாசலைத் தாண்டும்போது மட்டும் கவிழ்ந்து கிடக்கும் டிரம்களைப் பார்க்காத மாதிரி நடந்தார்கள்.

குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் காலையில் பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் தாங்காமல் நான் வெளியே வந்தேன். அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, ஒவ்வொரு டிரம்மின் அடியிலும் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, பைத்தியமா உனக்கு? நல்ல டிரம்மடி அதெல்லாம். பச்சைச் சீட்டு. நீயே கழுவினது.”

“பச்சைச் சீட்டுன்னு ஒட்டினவன் யாருக்கா? எண்ணத் தெரியாதவன்தானே ஒட்டினான்? நான் ஒரு தம்ளர் குடிச்சிட்டு ஒண்ணும் ஆகலன்னு இத்தனை பேருக்குக் கொடுத்தேன். ஒரு தம்ளர்ல என்ன தெரியும்? வருஷம் போனாத் தெரியுமோ என்னமோ.” அடுத்த டிரம்முக்குப் போனாள்.

இப்போது அவள் ஐஸ் கம்பெனியில் மீன் பெட்டி கழுவுகிறாள். பேர் மட்டும் பீப்பாதான். வாசலில் அந்த வட்டம் இன்னும் இருக்கிறது, புல் முளைக்கவில்லை. கொழுந்தன் சிமெண்டு பூசிவிடலாம் என்றார். கம்பெனி ஆட்கள் எப்போது வந்து கேட்டாலும் காட்ட வேண்டும், இருக்கட்டும் என்றுவிட்டாள்.

டீச்சரம்மா ஒரு நாள் வந்தார். இடுப்பில் வழக்கம்போல ஒரு பிள்ளை.

“டிரம் இல்லாம ஒரே அவஸ்தையா இருக்கு. கடையில புதுசு வாங்கினேன், ரெண்டே மாசத்துல வெடிச்சுப்போச்சு. உன்கிட்ட ஒண்ணு எடுத்துக்கலாம்னு வந்தேன்.”

“எல்லாத்துலயும் ஓட்டை போட்டுட்டேன் டீச்சரம்மா.”

“எல்லாத்துலயுமா? ஒண்ணுகூடவா மிச்சம் வைக்கல? நீ கொடுத்தா நான் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போவேனே.”

“அப்படித்தானே அன்னிக்கும் எடுத்துட்டுப் போனீங்க.”

டீச்சரம்மா என்னைப் பார்த்தார், நான் பாத்திரத்தைப் பார்த்தேன். கடைசியில் ஓட்டை டிரம் ஒன்றைக் காலால் தட்டிப் பார்த்து, பிள்ளைகளின் அழுக்குத் துணி போட ஆகும் என்று உருட்டிக்கொண்டு போனார். இவள் பின்னாலிருந்து கத்தினாள்: “நிமுத்தியே வைங்க. கவுத்து வச்சு யாராச்சும் தூக்கிட்டுப் போயிடப் போறாங்க.”